தீவுக் கலியாணமும் திறந்த கதவும்

சில ஆண்டுகளாக நம் மலேசியத் தமிழரிடையே ஒரு புது வழக்கம் பரவி வருகின்றது. மணமகன் ஊரிலுமன்றி, மணமகள் ஊரிலுமன்றி, இருவர்க்கும் உற்றார் எவரும் இல்லாத ஒரு கடற்றீவிற்குச் சென்று கலியாணம் நடத்துவதே அவ்வழக்கம். வடக்கே லங்காவி, அதற்கும் அப்பால் தாய்லாந்தின் பூக்கெட், தெற்கே பாலி ஆகிய தீவுகளின் கடற்கரை விடுதிகளில் பந்தல் எழுகின்றது. முதல் நாள் மருதாணி, மறுநாள் நலங்கும் ஆடல் பாடலும், மூன்றாம் நாள் அந்தி வெயிலில் அலையோரத்தே மாலை மாற்றுதல் என விழா நீள்கின்றது. இதனைக் கண்டு மகிழ்வோரும் உளர். காலம் கெட்டது என்று தலையில் அடித்துக்கொள்வோரும் உளர். இவ்விரு சாராரையும் சற்று ஒதுக்கிவைத்து, இவ்வழக்கத்தில் அறத்திற்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதியது என்னும் ஒரே காரணம் பற்றி ஒன்றை இகழ்தல் நமக்கு அடாது. 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் புரோகிதரும் மந்திரமும் இன்றி நடைபெற்ற மணமே முதற் சுயமரியாதைத் திருமணமெனக் குறிக்கப்படுகின்றது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. இந்நாட்டுத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் அம்மண முறையை மேற்கொண்ட குடும்பங்கள் பல. ஆயினும், தமிழகத்தில் அத்தகைய மணம் செல்லுமெனச் சட்டம் இயற்றப்பட்டது 1967இல்தான். இடைப்பட்ட 40 ஆண்டுக் காலம் அவ்வாறு மணந்தோர், “இதுவும் ஒரு கலியாணமா?” என்னும் ஏளனத்தைச் சுமந்தே வாழ்ந்தனர். அந்த ஏளனத்தைத் தாங்கிய மரபில் வந்த நாம், பிறர் மேற்கொள்ளும் புதுமையை நோக்கி அதே சொற்களை வீசலாகாது.

மேலும், தீவுக்குச் செல்வோர் கூறும் காரணங்களிற் சில நேர்மையானவையே. மணமகள் கிள்ளானிலும் மணமகன் லண்டனிலும் வாழ்வார்களாயின், இரு வீட்டாரும் ஒரு பொது இடத்தைத் தேடுதல் இயல்பு. ஆயிரம் பேரைக் கூட்டி, யார் உண்டார், யார் உண்ணவில்லை என்றுகூட அறியாது நடத்தும் மண்டபக் கலியாணத்தைக் காட்டிலும் ஐம்பது பேர் அமைதியாகக் கூடும் மணம் சிறந்தது என்று ஒருவர் எண்ணினால் அதனை எவ்வாறு மறுப்பது? சிக்கன மணத்தையும் சிறு மணத்தையும் வற்புறுத்தியவர்கள் நாம்தாமே. வேறு சிலர் சாதியும் மதமும் வேறுபட்ட காதலர்கள். வீட்டார் முகங்கொடாமையால் ஊரைவிட்டு வெளியேறுபவர்கள்.

இக்கடைசி வகையினர்க்குப் பழைய துணையும் உண்டு. 1753இல் இங்கிலாந்து அரசாங்கம் களவு மணங்களைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. 21 வயது நிரம்பாதார் தனி உத்தரவு பெற்று மணப்பதற்குப் பெற்றோரின் சம்மதத்தை அது வேண்டியது. ஆனால் ஸ்காட்லாந்தை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே பெற்றோர் மறுத்த காதலர்கள் வண்டியேறி எல்லையைக் கடந்து, முதல் ஊராகிய கிரெட்னா கிரீனில் மணந்துகொண்டனர். தூரத்தே சென்று மணத்தல் என்னும் வழக்கு, ஊரில் கதவு அடைக்கப்பட்டதனாற் பிறந்தது என்பதற்கு அது சான்று. நம்மவருள்ளும் சாதியின் பேரால் வீட்டுக் கதவை அடைத்துவிட்டு, பிள்ளைகள் கடல் கடந்து மணந்தார்களே என்று புலம்புவோர், முதலில் தம் கையிலுள்ள தாழ்ப்பாளை நோக்குவார்களாக. அத்தகைய காதலரை நோக்கி நாம் இங்கு ஒரு சொல்லும் கூறப்போவதில்லை. ஊரும் உறவும் வாழ்த்தக் காத்திருக்க, செல்வத்தின் தோற்றம் கருதி மட்டும் தீவை நாடுவோரிடமே நமக்குச் சில கேள்விகள் உண்டு.

சாட்சி எதற்கு?

மணம் இருவருடைய உடன்பாடு. அவ்வாறாயின் மூன்றாமவர்க்கு அங்கு என்ன வேலை? இக்கேள்விக்குத் தொல்காப்பியம் நேரான விடை தருகின்றது. காதலர் தம்முள் உடன்பட்டுக் கூடி வாழ்ந்த காலத்தில், கூடியபின் பொய் சொல்லிக் கைவிடுவோர் தோன்றினர். அதன்பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது அவ்விடை. சடங்கு வானத்திலிருந்து வந்ததாக அந்நூல் கூறவில்லை. மனிதர் சிலர் செய்த பொய்யே அதற்குக் காரணம் என்கின்றது. பகுத்தறிவுக்கு இதனினும் ஒத்த விளக்கம் வேறு வேண்டுவதில்லை.

அகநானூற்றின் 256ஆம் பாட்டு இதற்கு எடுத்துக்காட்டுப் போன்ற ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலனை நுகர்ந்துவிட்டு, பின்பு அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சத்தியம் செய்தான். அவையினர் விட்டுவிடவில்லை. அறிந்த சாட்சிகளை வினவினர், உண்மை வெளிப்பட்டது, அவனை மரக்கிளையிற் பிணித்து அவன் தலையில் நீற்றைக் கொட்டினர். அவள் சொல் மட்டும் இருந்திருந்தால் அவையில் ஏறியிராது. கண்டவர் இருந்தமையாலேயே அவள் வென்றாள்.

இது பழங்கதைதானே என்று எவரும் நகைக்க வேண்டா. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் வரை, நம்மவர் மணம் வழக்கப்படி நடந்தாலே போதும், பதிவு கட்டாயமன்று. ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதற்கும் தடையில்லை. தோட்டத்து லயத்தில் மஞ்சட் கயிறு ஏற்ற ஒரு பெண்ணைக் கணவன் சில ஆண்டுகளில் கைவிட்டு வேறொரு தோட்டத்திற்குச் சென்று, அங்கு வேறொருத்தியை மணந்துகொண்டால், முதலாமவள் எதனைக் காட்டி நியாயம் கேட்பாள்? அவளிடம் காகிதம் இல்லை. அன்று பந்தலில் இருந்தவர்களின் நாவே அவளுடைய பத்திரம். சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்த மணச் சட்டமும் இந்நிலையை மாற்றின. ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், மணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் முஸ்லிமல்லாத நம்மவர்க்குச் சட்டமாயின. தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்த இப்பாதுகாப்பு, எத்தனை சவரன் தாலியினும் உயர்ந்தது என்று நாம் கருதுகின்றோம்.

அந்த மலேசியச் சட்டத்தில் ஒரு சிறு தொடர் நம் சிந்தனைக்கு உரியது. பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் மணம் கதவுகள் திறந்திருக்க நடைபெற வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கின்றது. அதன் பொருள் யாது? மணமக்களின் உறவினர் மட்டுமல்லர், வழிப்போக்கரும் உள்ளே நுழையலாம். தடை சொல்ல வேண்டியவர் தடை சொல்லலாம். வாழ்த்த விரும்புபவர் வாழ்த்தலாம். யாரும் அஞ்ச வேண்டிய செயலும், யாரும் ஒளிக்க வேண்டிய செயலும் அங்கு நடக்கவில்லை என்பதற்கு அத்திறந்த கதவே அடையாளம். தொல்காப்பியம் கூறிய காரணமும், கள்ளூர் அவையும், லயத்துப் பந்தலும் இந்தத் தொடரில் வந்து சேர்கின்றன. தீவுக் கலியாணத்தை அளக்க நாம் கைக்கொள்ளும் அளவுகோலும் இதுவேயாம். கடலை வாயிற்படியாக வைத்த மணத்திற்குக் கதவு திறந்திருக்கின்றதா?

அழைப்பு என்னும் சல்லடை

திறந்திருக்கின்றது, எல்லார்க்கும் பத்திரிகை வைத்தோமே என்று விடை வரும். நல்லது, அப்பத்திரிகை சென்று சேரும் ஒரு வீட்டை நோக்குவோம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நாட்கூலிக்கு வேலை செய்யும் தந்தைக்கு மூன்று நாள் விடுப்பு என்றால் மூன்று நாட் கூலி போயிற்று. கோலப் பெர்லிஸ் துறைமுகம் வரை பேருந்து; அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கப்பற் பயணம்; இறங்கியபின் வாடகை வண்டி; இரண்டு இரவு தங்க அறை. மருதாணிக்கு ஒரு நிறம், நலங்குக்கு ஒரு நிறம், மாலை மாற்றுதலுக்கு ஒரு நிறம் என்று பத்திரிகையில் அச்சிட்டிருப்பதால் நால்வர்க்கும் மும்மூன்று உடைகள். எல்லாவற்றிற்கும் மேலாக மொய். இவற்றைக் கூட்டிப் பார்க்க அக்குடும்பத்தலைவிக்குக் கணிதப் புலமை வேண்டுவதில்லை. பத்திரிகையை மஞ்சள் தடவிய மூலையோடு பூசை அறையில் வைத்துவிட்டு அவள் பெருமூச்செறிவாள்.

பிறகு நடப்பதே நம் உள்ளத்தை வருத்துவது. “எங்களிடம் பணம் இல்லை” என்று அவள் சொல்லமாட்டாள். தமிழ்க் குடும்பத்தில் அவ்வார்த்தை எளிதில் வெளிவருவதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்பாள். பிள்ளைக்குப் பரீட்சை என்பாள். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்பாள். அழைத்தவரும் அது பொய்யென அறிவர், அறிந்தும் அறியாதார்போல், “அடடா, நீங்கள் இல்லாமல் எப்படி!” என்பர். ஏற்க இயலாத அழைப்பு ஒன்றை வைத்ததன் பயனாக, மானமுள்ள ஓர் ஏழைப் பெண் பொய் சொல்ல நேர்ந்தது. அழைத்தவர் தம் கடமை முடிந்தது என்று நிறைவுகொண்டார்; வெட்கம் முழுவதும் அழைக்கப்பட்டவள் தலையில் விழுந்தது.

வராமல் இருக்க முடியாதவர் நிலை இதனினும் கொடியது. தாய்மாமனை எடுத்துக்கொள்வோம். அவர் கையால் மாலை ஏறாமல் நம்மவர் பலரது இல்லத்தில் கலியாணம் தொடங்குவதில்லை. அவர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவராக இருக்கலாம்; பட்டணத்தில் காவற்காரராக இருக்கலாம். அத்தை பொய் சொல்லி வீட்டிலிருந்தாள். மாமனுக்கு அந்த வழியும் இல்லை. நகையை அடகுக்கடையில் வைப்பார். அதுவும் போதாதெனில் ஆலோங்கின் வாயிலை மிதிப்பார். அவர்க்கு வந்த பத்திரிகை அழைப்பன்று. கடன் வாங்கென்னும் கட்டளை.

வர விருப்பமுள்ளவர் வரட்டும், இல்லாதவர் இருக்கட்டும். இதில் கட்டாயம் எங்கே என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் விருப்பம் என்னும் சொல் தவறாக ஆளப்படுகின்றது. விரும்பியும் வர இயலாதவரை விருப்பமில்லாதவர் வரிசையில் நிறுத்துவது நேர்மையாகாது. தொலைபேசியில் நேரலையாகக் காட்டுகின்றோமே என்பர் வேறு சிலர். கடல் கடந்து பிழைக்கும் பிள்ளைக்கும், படுக்கையிலுள்ள பாட்டிக்கும் அது பெரும் உதவி. நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் திரையிற் கண்டவர் மணமக்களைக் காண்பரேயன்றி, மணமக்கள் அவரைக் காண்பதில்லை. பிற்காலத்தில் ஒரு துன்பம் வரும்போது, “அன்று நீங்களும் இருந்தீர்களே மாமா” என்று போய் நிற்பதற்கு அந்தத் திரை இடம் தராது.

பழந்தமிழர் மணத்தைச் சித்திரிக்கும் அகநானூற்றின் 86ஆம் பாட்டில், புரோகிதரும் இல்லை, எரி வளர்த்தலும் இல்லை. நல்ல நாள் பார்த்தல் மட்டும் உண்டு. உழுத்தம் பருப்பிட்டுச் சமைத்த சோற்றை வந்தோர் உண்கின்றனர். பிள்ளை பெற்ற பெண்டிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அப்பந்தலில் எங்கிருந்தோ மணல் கொணர்ந்து பரப்பியிருந்தனர் என்றும் காண்கின்றோம். அன்று ஊரார் கூடுவதற்காக மணல் வீட்டுவாயிலுக்கு வந்தது. இன்று மணல் இருக்குமிடத்திற்கு வீடு போகின்றது, ஊர் பின்தங்கிவிடுகின்றது.

தோட்டத்துப் பழங்கலியாணங்களைப் பொற்காலம் என்று நாம் போற்றவில்லை. அங்கும் கள் இருந்தது. சாதிக்கொரு பந்தி இருந்தது. கங்காணிக்கும் கிராணிக்கும் முன் வரிசை இருந்தது. இருப்பினும், லயத்தில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் அடுத்த வீட்டு அடுப்பு அன்று எரியாது. விறகு ஒருவர், வாழையிலை ஒருவர், பாத்திரம் ஒருவர் எனக் கொடுத்து, இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தனர். பணமில்லாதவரும் வெறுங்கையோடு வந்து தலைநிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று அங்கு இருந்தது. நாம் இழக்கலாகாதது அந்த இடமே.

பஞ்சாங்கமும் பருவக்காற்றும்

இனி, தீவுக் கலியாணத்தால் விளைந்த ஒரு வேடிக்கையையும் கூறவேண்டும். தை பிறந்தால் கலியாணம், ஆடியில் ஆகாது, மார்கழியில் கூடவே கூடாது என்பது நம்மவர் கொண்ட நியதி. கடலோ நம் பஞ்சாங்கத்தை வாசித்ததில்லை. தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் நவம்பர் முதற்கொண்டு வடகிழக்குப் பருவக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பல பிப்ரவரி வரை அடைபட்டுக் கிடக்கும். சுபமாதமாகிய தை அங்கே அலைமாதம். கடல் தெளிந்து கண்ணாடிபோற் கிடக்கும் காலத்தில் ஆடியும் அடங்கும். பாலித் தீவிலும் தை மழைக்காலத்திலும், ஆடி வறண்ட காலத்திலும் விழுகின்றன. மேற்குக் கரையில் இருப்பதால் லங்காவிக்கு மட்டும் தை மாதம் வெயிற்காலமாக வாய்த்திருக்கின்றது. அங்கு மழை மிகுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்.

இதன் பயன் யாதெனின், இராகுகாலமும் எமகண்டமும் பார்த்துப் பழகிய குடும்பங்கள், தீவு என்றவுடன் வானிலை அறிக்கையைப் பார்க்கக் கற்றுக்கொள்கின்றன. முகூர்த்தம் அந்தியில் வைக்கப்படுகின்றது. புகைப்படத்திற்கு அந்த வெளிச்சமே ஏற்றது என்று சொல்லப்படுகின்றது. படம்பிடிப்பவர்க்காக மாறக்கூடிய நல்ல நேரம், தோட்டத்துத் தொழிலாளியின் விடுமுறை நாளுக்காக ஏன் மாறக்கூடாது என்பதே நமது கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மணம் வையுங்கள் என்று சீர்திருத்தக்காரர் கூறியபோது சாத்திரம் குறுக்கே நின்றது; படக்கருவி வந்தபோது சாத்திரம் வழிவிட்டது!

சட்டமும் தீவுக்குத் தீவு வேறுபடும். மலேசியர் வெளிநாட்டில் மணந்தால் 6 மாதங்களுக்குள் அம்மணத்தை மலேசியத் தூதரகத்திலோ, தாயகம் திரும்பியோ பதிவுசெய்ய வேண்டும். இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டு மணச் சட்டப்படி, மதமுறைப்படி நடந்த மணமே செல்லும். ஆகவே சடங்கை வேண்டாத பகுத்தறிவாளர் இருவர் பாலியில் மாலை மாற்றிக்கொண்டால் அது காட்சியாகுமேயன்றி மணமாகாது. கடற்கரையில் நடந்த விழாவை நம்பிப் பதிவை மறந்த பெண், 1982க்கு முந்தைய தோட்டத்துப் பெண்ணின் நிலைக்கே திரும்பிவிடுகின்றாள். அவள் கையில் ஆயிரம் படங்கள் இருக்கலாம், பத்திரம் இராது.

தீவு யாருடையது?

போகும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். லங்காவி 1987இல் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டபின் விடுதிகள் பெருகின. அதன் பழம்பாறைகளின் அருமை கருதி யுனெஸ்கோ நிறுவனம் 2007இல் அதனை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது. நம் விழாவுக்குப் பின்னணியாக மட்டும் அத்தீவு இருக்கவில்லை. அங்கே மீனவரும் உழவரும் வாழ்கின்றனர். விடுதியில் நம் பந்தலைக் கட்டுவோரும், நாம் எறிந்த பூவையும் வாழையிலையையும் நள்ளிரவில் கூட்டுவோரும் உழைப்பாளிகளே. தோட்டத்தில் பிறர் விருந்துக்குக் கூலி செய்த மரபினராகிய நாம் அவர்களைக் காணாதவர்போல் நடத்தலாமா? பாலியில் ஆண்டுக்கொருமுறை நியெப்பி என்னும் மௌன நாள் வரும். அன்று தீவு முழுவதும் விளக்கை அடக்கி அமைதி காக்கும். விமான நிலையமும் 24 மணி நேரம் மூடப்படும். வந்த விருந்தினரும் விடுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். செல்வம் எவ்வளவு இருப்பினும் அந்த ஒரு நாளை விலைக்கு வாங்க முடியாது. விருந்தினர்க்கு வரம்பு உண்டு என்பதை அத்தீவார் நமக்குக் கற்பிக்கின்றனர்.

லங்காவியில் மணப்போர் அறிந்துகொள்ள வேண்டிய ஒருத்தி உண்டு. மசூரி என்னும் அப்பெண்ணின் கதையை அத்தீவார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். கணவன் போருக்குச் சென்றிருந்த காலத்தில், அவள் மீது பொறாமை கொண்டோர் கற்பிழந்தாள் என்று பழி சுமத்தினர். அவள் சொல்லை எவரும் ஏற்கவில்லை. அவளுக்காகப் பேசி வெல்ல எவரும் இல்லை. கொலைத்தண்டனை நிறைவேறியபோது அவள் குருதி வெண்மையாக வழிந்தது என்றும், ஏழு தலைமுறைக்கு இத்தீவு செழியாதிருக்க என்று அவள் சபித்தாள் என்றும் கதை முடிகின்றது. வெண்குருதியையும் சாபத்தையும் நாம் நம்பவேண்டுவதில்லை. மனைவி ஒருத்தியின் வாழ்வு, சுற்றியிருப்போர் சொல்லும் மெய்யிலும் பொய்யிலும் தொங்குகின்றது என்னும் கருத்து மட்டும் கதையன்று. கள்ளூர்ப் பெண்ணைச் சாட்சிகள் காத்தனர். லங்காவிப் பெண்ணைக் காக்க ஆளில்லை. மசூரியின் கல்லறையைச் சுற்றுலா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு விழாவுக்கு விரையும் நம்மவர், தாம் கொண்டாடப் போகும் மணத்திற்கு நல்ல சாட்சிகள் யார், அவர்கள் எங்கே இருக்கின்றனர் என்று ஒரு கணம் எண்ணினால் நன்று.

செய்யத்தக்கது யாது?

இவ்வளவும் கூறியபின், தீவுக்குப் போகாதீர் என்று நாம் தடை விதிக்கப்போவதாகச் சிலர் எண்ணலாம். அது நம் நோக்கமன்று. தம் உழைப்பின் பயனைத் தாம் விரும்பியவாறு நுகர மணமக்களுக்கு உரிமை உண்டு. மணம் என்னும் ஒரே பெயருக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். ஒன்று உறுதிமொழி, மற்றொன்று விருந்து. உறுதிமொழியைக் கேட்கும் உரிமை, மணமக்களை வளர்த்தவர்க்கும், அவர்களோடு வளர்ந்தவர்க்கும், நாளை அவர்களுக்குத் துணைநிற்க வேண்டியவர்க்கும் உண்டு. விருந்தோ கொடுப்பவர் விருப்பம். அதனை ஐவர்க்கும் அளிக்கலாம், ஐந்நூற்றுவர்க்கும் அளிக்கலாம்.

ஆகவே, உறுதிமொழியைத் தம் ஊரில் வைத்துக்கொள்க. தமிழ்ப்பள்ளி மண்டபமோ, சங்கக் கட்டடமோ, பதிவாளர் அலுவலகமோ, கோயிலோ எதுவாயினும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்டத்து அத்தையும் பட்டணத்து மாமனும் ஒரே பேருந்தில் வந்து சேரக்கூடிய இடமாக அது இருக்கட்டும். ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டு இனிப்பும் போதும். மொய் வேண்டா என்று பத்திரிகையிலேயே அச்சிடுக. அவர்கள் கண் முன்னே மாலை மாற்றிக் கையொப்பமிட்டபின், மணமக்கள் எந்தத் தீவுக்கும் செல்லட்டும். யாரோடு வேண்டுமாயினும் செல்லட்டும். அதில் எவர்க்கும் குறைசொல்ல இடமில்லை.

தோட்டத்துக்குத் தேநீர், தீவுக்கு விருந்து என்றால் அதுவும் இரண்டு பந்திதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தீவிலே மணம் முடித்துவிட்டு ஊரிலே ஒரு தேநீர் கொடுத்தால், ஊரார் எச்சில் இலைக்கு வந்தவராவர். ஊரிலே மணம் முடித்துவிட்டுத் தீவுக்குச் சென்றால், மெய்யான நிகழ்ச்சிக்கு ஊராரே முதல் விருந்தினர்; தீவுக்குச் சென்றவர் கேளிக்கைக்குச் சென்றவர். முன்பின் மாறுவதால் மதிப்பும் மாறுகின்றது.

தீவிலேதான் மணம் நடத்துவோம் என்று உறுதிகொண்டவர்க்கும் இரண்டு வழிகள் உண்டு. தாய்மாமனும் பாட்டியும் அத்தையும் வரவேண்டும் எனின், அவர்தம் பயணச் செலவையும் அறைச் செலவையும் கேளாமலே ஏற்று, பிறர் அறியாமற் செலுத்துக. அது இயலாதெனின், “பத்துப் பேரோடு சிறிதாக நடத்துகின்றோம், திரும்பி வந்து வீட்டில் காண்கின்றோம்” என்று வாயால் நேரே சொல்லி, ஏனையோர்க்குப் பத்திரிகை அனுப்பாதிருக்க. அழையாமை ஒரு வருத்தம். அது சில நாளில் ஆறும். ஏற்க இயலாதென அறிந்தே அழைப்பது அவமதிப்பு, அது ஆறுவதில்லை. எவ்வழியைக் கொண்டாலும் கடன் வாங்காதிருக்க. கங்காணியிடமும் செட்டியாரிடமும் கலியாணக் கடன் பட்டு, அதனை அடைக்கவே மரம் சீவிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய தொழிலாளரும் நம்மவரே. மூன்று நாள் விழாவுக்காக மூன்றாண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு இல்லறம் தொடங்குவது அவர்கள் உழைப்பிற்கு நாம் செய்யும் நன்றியாகாது.

மணமக்களாகப் போகும் இளைஞர்காள்! உங்கள் கலியாணப் பட்டியலில் விடுதி, பூ, உடை, உணவு, படம் என்று எழுதுமுன், வேறொரு சிறு பட்டியலை எழுதுங்கள். உங்களைத் தூக்கி வளர்த்தவர் யார்? பள்ளிக் கட்டணத்துக்கு வளையலைக் கழற்றித் தந்தவர் யார்? நாளை உங்களுள் ஒருவர் மற்றவர்க்குத் தீங்கிழைத்தால், வாயிலில் வந்து நின்று, “நான் அன்று இருந்தேன், நீ கொடுத்த வாக்கை என் காதால் கேட்டேன்” என்று சொல்லக்கூடியவர் யார்? அப்பெயர்களை எழுதியபின், அவர்கள் அனைவரும் கடன்படாமலும் பொய் சொல்லாமலும் வந்து சேரக்கூடிய இடம் எது என்று பாருங்கள். அவ்விடம் தீவாக இருந்தால் தீவிலேயே மணந்துகொள்ளுங்கள், நாமும் வாழ்த்துகின்றோம். அவ்விடம் உங்கள் வீட்டு வாயிலாக இருந்தால், அங்கேயே பந்தல் எழட்டும். பெற்றோரும் இதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஆராய்ந்து முடிவு செய்வார்களென நம்புகின்றோம்.